கிடப்பில் போட்ட கேமுக்கு மறுபடி உயிர்: தனியாக கேம் செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு கேமைத் தனி ஆளாகச் செய்து வெளியிடுவது எப்படி என்று சொல்லித்தருபவர்கள் நிறைய இருக்கிறார்கள். பாதியில் நின்றுபோன கேமையோ, வெளியாகி சில வருடங்களில் புது கணினிகளில் ஓடாமல் போன கேமையோ திரும்பக் கையில் எடுத்து ஓடவைப்பது எப்படி என்று சொல்பவர்கள் குறைவு. ஆனால் தனியாக வேலை செய்பவர்களில் பலருடைய பாதை அதுதான். வேலை, குடும்பம், உடல்நிலை, பணம் என்று ஏதோ ஒன்று குறுக்கே வரும், கேம் நிற்கும், பிறகு ஒருநாள் அந்த ஃபோல்டரைத் திறக்கத் தோன்றும்.

நீண்ட காலம் எடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. எரிக் பரோன் தனியாகச் செய்த 'ஸ்டார்டியூ வேலி' நான்கு வருடங்களுக்கும் மேலான உழைப்புக்குப் பிறகு 2016 பிப்ரவரியில் வெளிவந்தது. டைசுகே அமாயா ஓய்வு நேரத்தில் சுமார் 5 வருடம் செய்த 'கேவ் ஸ்டோரி' 2004இல் இலவசமாக வந்தது. ஆடம்ஸ் சகோதரர்கள் 2002இல் தொடங்கிய 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்', 2006இல் வெறும் எழுத்துக் குறிகளால் ஆன திரையோடு வெளியாகி, 2022 டிசம்பரில் வரைந்த படங்களோடு ஸ்டீம் என்ற கணினி கேம் விற்பனைத் தளத்துக்கு வந்தது.

ஒரு கேமை உயிர்ப்பிப்பது சுலபமாக இருக்குமா, நரகமாக இருக்குமா என்பது பெரும்பாலும் அதை முதன்முதலில் செய்கிறபோதே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டி உருவாக்குவதிலிருந்து தொடங்குகிறது. உங்களிடம் ஏற்கெனவே பழைய கேம் இருந்தால் நேரே ஐந்தாம் படிக்குப் போகலாம். ஆனால் மூன்றாம் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

படி 1: ஒரே ஒரு செயலில் தொடங்குங்கள்

கதை, உலகம், முப்பது லெவல், இசை எல்லாம் அப்புறம். விளையாடுபவர் நிமிடத்துக்கு நிமிடம் திரும்பத் திரும்பச் செய்யப்போகும் செயல் எது? தாவுவதா, குறிபார்ப்பதா, விதைப்பதா, அடுக்குவதா? அதை மட்டும் சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்துச் செய்து பாருங்கள். பெட்டி தாவும்போது கைக்குச் சுகமாக இல்லையென்றால், அதே இடத்தில் அழகாக வரைந்த நாயகன் தாவினாலும் சுகமாக இருக்காது.

இந்தச் சுகம் சின்னச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகும் சில ஃபிரேம் (திரையில் ஒருமுறை வரையப்படும் படம்) வரை தாவ அனுமதிப்பது ஒன்று. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட்டால் அதை நினைவில் வைத்திருந்து, தரையைத் தொட்டதும் தாவவைப்பது இன்னொன்று. விளையாடுபவர் இதைக் கவனிக்கவே மாட்டார். 'கன்ட்ரோல் நல்லாயிருக்கு' என்று மட்டும் சொல்வார். 2018இல் வந்த 'செலஸ்ட்' இந்த இரண்டையும் மிக நேர்த்தியாகச் செய்த கேம். அதுவும் பிகோ-8 என்ற குட்டி மென்பொருள் கன்சோலுக்காகச் சில நாட்களில் செய்த சிறு கேமாகத்தான் ஆரம்பித்தது.

படி 2: எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போது பத்து வருடம் தள்ளி யோசியுங்கள்

கேமை ஓடவைக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சின்களில் எது நல்லது என்று கேட்டால், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது நல்லது என்பேன். புதிதாகக் கற்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: இதை நடத்துபவர்கள் நாளை கடையை மூடினால் என் கேம் என்ன ஆகும்?

இது கற்பனைப் பயம் இல்லை. அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே உள்ளடக்கத்தை ஓடவிடாமல் தடுத்தது. உலாவியில் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கேம்கள் அதோடு இருண்டன. மைக்ரோசாஃப்டின் கேம் உருவாக்கும் கருவியான எக்ஸ்என்ஏவுக்கு இனிப் புதிய பதிப்பு வராது என்பது 2013இல் தெரியவந்தது; ஸ்டார்டியூ வேலி அதில்தான் எழுதப்பட்டிருந்தது. எக்ஸ்என்ஏவுக்காக எழுதிய நிரலை ஏற்கும் திறந்தமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மாற்றாக மோனோகேம் இருந்ததால், பின்னாளில் அதற்கு மாற முடிந்தது. 2023 செப்டம்பரில் யூனிட்டி எஞ்சின் நிறுவனம், கேம் ஒவ்வொரு முறை நிறுவப்படுவதற்கும் கட்டணம் என்று அறிவித்தபோது, அதை நம்பி வருடக்கணக்கில் வேலை செய்தவர்கள் திகைத்து நின்றார்கள். பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணம் கைவிடப்பட்டது.

கோடோ போன்ற திறந்தமூல எஞ்சினில் இந்த ஆபத்து குறைவு. எம்ஐடி என்ற தாராளமான உரிமத்தில் இருப்பதால், நீங்கள் பயன்படுத்திய பதிப்பின் மூலநிரலையே உங்கள் கேமோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். வணிக எஞ்சின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதை எடுத்தாலும், கேமின் விதிகளை எஞ்சினிலிருந்து பிரித்து எழுதுங்கள். எதிரிக்கு எவ்வளவு உயிர், அடித்தால் எவ்வளவு குறையும், எப்போது கதவு திறக்கும் என்பதெல்லாம் எஞ்சினின் பெயரே வராத கோப்புகளில் இருக்கட்டும். எஞ்சின் மாறும் நாளில் அந்தக் கோப்புகள் அப்படியே உங்களோடு வரும்.

படி 3: எதையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும்

பலர் மூலநிரலை கிட்டில் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும் கருவி) ஏற்றிவிட்டு, எல்லாம் பத்திரம் என்று இருந்துவிடுகிறார்கள். நிரல் மட்டும் இருந்தால் கேம் திரும்ப வராது. கீழே சொல்பவை எல்லாம் வேண்டும்.

முதலில், கலைக் கோப்புகளின் அசல். கேமுக்குள் போவது ஒரே தளமாக்கப்பட்ட பிஎன்ஜி படம். அதன் அடுக்குகள் தனித்தனியாக இருக்கும் கோப்பு உங்கள் வரைகலை மென்பொருளில் இருக்கிறது. நாளை படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்க வேண்டுமென்றால் அந்த அசல்தான் தேவை. இசையும் அப்படியே: கலந்து முடித்த ஒலிக்கோப்பு மட்டும் போதாது, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி டிராக்காக இருக்கும் புராஜெக்டும் வேண்டும். அந்த மென்பொருளே இல்லாமல் போகலாம் என்பதால், ஒவ்வொரு டிராக்கையும் தனி வேவ் கோப்பாகவும் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, கருவிகள். எஞ்சினின் நிறுவல் கோப்பு, கம்பைலரின் (நிரலை ஓடும் கோப்பாக மாற்றும் மென்பொருள்) பதிப்பு, சேர்த்துக்கொண்ட ஒவ்வொரு லைப்ரரி (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பு), நீங்களே எழுதிய லெவல் எடிட்டர். 'இணையத்தில் கிடைக்கும்' என்று விட்டுவிடாதீர்கள். லைப்ரரியின் இன்றைய பதிப்பு கிடைக்கும். நீங்கள் பயன்படுத்திய பதிப்பு கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, உரிமங்கள். ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதுங்கள்: இந்த எழுத்துரு எங்கிருந்து வந்தது, என்ன உரிமம், இந்த ஒலியை யாரிடம் வாங்கினேன், எந்தத் தேதியில், ரசீது எங்கே. 1997 டிசம்பரில் 'டூம்' கேமின் மூலநிரலை ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்டபோது, டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான பதிப்பின் ஒலிப் பகுதியைக் கொடுக்க முடியவில்லை. அது டிஎம்எக்ஸ் என்ற, வேறொருவருக்கு உரிமையான லைப்ரரி. அதனால் லினக்ஸ் பதிப்பின் நிரலைத்தான் வெளியிட்டார்கள். அவ்வளவு புகழ்பெற்ற கேமுக்கே இந்தத் தடை வந்தது.

நான்காவது, சாவிகளும் கணக்குகளும். ஆண்ட்ராய்டு கேம் என்றால், ஆப் உங்களுடையதுதான் என்று கையொப்பமிடப் பயன்படுத்திய, சாவி அடங்கிய கீஸ்டோர் கோப்பும் அதன் கடவுச்சொல்லும். கூகுளின் கையொப்பச் சேவையில் சேராமல் வெளியிட்ட பழைய ஆப்புக்கு அந்தச் சாவி தொலைந்தால், அதே ஆப்புக்கு அப்டேட் போட வழியே இல்லை. வேறு அடையாளத்தில் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

ஐந்தாவது, ஒரு பக்கக் குறிப்பு. வெறும் கணினியில் இந்த கேமை பில்டு செய்வது (நிரலிலிருந்து ஓடும் கோப்பாக உருவாக்குவது) எப்படி என்று வரிசையாக. எதை முதலில் நிறுவ வேண்டும், எந்த ஃபோல்டர் எங்கே இருக்க வேண்டும், எந்தக் கட்டளை. எழுதி முடித்ததும் வேறொரு கணினியில் அதை மட்டும் பார்த்துச் செய்துபாருங்கள். உங்கள் தலைக்குள் மட்டும் இருந்த ஒரு படி அப்போதுதான் வெளியே வரும்.

இவை எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. மேகச் சேமிப்பு ஒரு பிரதிதான். அதையே முழுசாக நம்ப வேண்டாம்.

படி 4: முடியுங்கள், அல்லது ஒழுங்காக நிறுத்துங்கள்

கேம் நீண்டுகொண்டே போனால் வெட்டுங்கள். புது அம்சம் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, இருப்பதில் முதல் இருபது நிமிடத்தை மட்டும் வெளியிடும் தரத்துக்குக் கொண்டுவாருங்கள். அது பிடித்திருந்தால் மீதி எவ்வளவு வேலை என்று அப்போது தெளிவாகத் தெரியும்.

அதுவும் முடியவில்லை என்றால் நிறுத்துவதில் வெட்கம் இல்லை. ஆனால் நிறுத்தும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஓடுகிற நிலையில் ஒரு பில்டு எடுங்கள். அன்றைய நிலையில் தெரிந்த பக்குகளை (பிழைகளை) எழுதுங்கள். அடுத்து என்ன செய்வதாக இருந்தீர்கள், எது உங்களைத் தடுத்தது, எந்த யோசனை இன்னும் தீரவில்லை என்பதையும் எழுதுங்கள். சில வருடம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு, அது நீங்களே என்றாலும், இவை எதுவும் நினைவில் இருக்காது.

படி 5: உயிர்ப்பிக்கும் முன், எது செத்துப்போனது என்று பாருங்கள்

இப்போது பழைய ஃபோல்டர் உங்கள் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முடியாமல் நின்ற கேமா, முடிந்தும் இப்போது ஓடாத கேமா, ஓடியும் யாரும் பார்க்காமல் போன கேமா? மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதுக்கு வடிவமைப்பு வேலை, இரண்டாவதுக்குத் தொழில்நுட்ப வேலை, மூன்றாவதுக்குப் பெரும்பாலும் மக்களிடம் கொண்டுசேர்க்கும் வேலை. மூன்றாவது வகையில் இருப்பவர்கள் முதல் வேலையைச் செய்யத் தொடங்குவதை நிறையப் பார்க்கிறேன். கேமில் குறையே இல்லாதபோது அதைத் திருத்தி எழுதுகிறார்கள். 'அமாங் அஸ்' 2018 ஜூனில் வெளியாகி, 2020இல்தான் உலகம் முழுக்கப் பரவியது. இரண்டாம் பாகம் செய்வதாக அறிவித்திருந்தவர்கள் அதைக் கைவிட்டு, இருந்த கேமையே மேம்படுத்தினார்கள்.

முடிவு எடுக்கும் முன் பழைய பில்டை எப்படியாவது ஒருமுறை விளையாடுங்கள். நிரலைத் திறக்காதீர்கள். திறந்தால் நிரலின் அழுக்குதான் கண்ணில் படும், கேம் படாது. விளையாடி முடித்ததும் கை மறுபடி 'புதிய ஆட்டம்' பொத்தானுக்குப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 6: மீட்டெடுங்கள், ஆனால் எதையும் மாற்றாதீர்கள்

ஜோர்டன் மெக்னர் 1989இல் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் மூலநிரல் தொலைந்துபோனதாகவே இருந்தது. 2012இல் அவருடைய தந்தை வீட்டில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே மூன்றரை அங்குல ஃபிளாப்பிகள். ஜேசன் ஸ்காட், டோனி டியாஸ் ஆகியோரின் உதவியோடு அவற்றைப் படித்து, மெக்னர் அதே வருடம் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் போட்டார். அத்தனை வருடம் கழித்தும் காந்தத் தட்டு படிக்கக்கூடிய நிலையில் இருந்தது நல்ல வாய்ப்பு. அதை எல்லோரும் எதிர்பார்க்க முடியாது.

பழைய ஹார்டு டிஸ்க், சிடி, ஃபிளாப்பி எதுவாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான். எழுதத் தடை போட்டு இணையுங்கள். கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுக்காமல், வட்டு முழுவதையும் ஒரே இமேஜ் கோப்பாக எடுங்கள். நீக்கிய கோப்பும் அதற்குள் இருக்க வாய்ப்பு உண்டு. கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் செக்சம் எண்ணைக் கணக்கிட்டு எழுதிவைத்து, பிறகு அந்த இமேஜின் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

பழைய புராஜெக்டை எஞ்சினின் புதுப் பதிப்பில் நேரடியாகத் திறக்கவே கூடாது. பல எஞ்சின்கள் திறந்ததுமே கோப்புகளைப் புது வடிவத்துக்கு மாற்றி எழுதிவிடும். பிறகு பழைய பதிப்பில் அது திறக்காது.

மூலநிரலே இல்லை, ஓடும் கோப்பு மட்டும் இருக்கிறது என்றால்? சி ஷார்ப்பில் எழுதிய எக்ஸ்என்ஏ கேம், ஃபிளாஷ் கேம் போன்றவற்றை டிகம்பைல் செய்தால் (ஓடும் கோப்பிலிருந்து நிரலைத் திரும்ப எடுத்தால்) பெரும்பகுதி படிக்கும்படியாகவே கிடைக்கும். கருத்துக் குறிப்புகள் போயிருக்கும். சி++ என்றால் கஷ்டம், ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. கிறிஸ் சாயர் பெரும்பகுதி அசெம்பிளியில் (கணினியின் மொழிக்கு மிக நெருக்கமான நிரல் மொழி) எழுதிய 'ரோலர்கோஸ்டர் டைகூன் 2'ஐ ரசிகர்கள் ஆராய்ந்து 'ஓபன்ஆர்சிடி2' என்ற திறந்தமூல வடிவமாகத் திரும்ப எழுதினார்கள்.

படி 7: யாருடைய சொத்து என்று உறுதிசெய்யுங்கள்

மூன்றாம் படியில் சொன்ன உரிமக் கோப்பு இருந்தால் இது அரை மணி நேர வேலை. இல்லையென்றால் ஒவ்வொரு படம், ஒலி, எழுத்துருவாகப் பட்டியல் போடுங்கள். ஆதாரம் இல்லாததை மாற்றுங்கள். அன்று நண்பர் ஒருவர் இசை அமைத்துக் கொடுத்திருந்தால் இன்று எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழியாகப் பேசியது போதாது. பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தால் உரிமை உங்களுக்குத் திரும்பிவிட்டதா என்று அந்தக் காகிதத்தை எடுத்துப் படியுங்கள். தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 8: அன்று ஓடியபடியே ஓடவையுங்கள்

எதையும் மேம்படுத்துவதற்கு முன், பழைய கேம் பழைய சூழலில் ஓட வேண்டும். மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஒன்றில் பழைய இயங்குதளம், பழைய கம்பைலர், பழைய எஞ்சின். டாஸ் காலத்து கேம் என்றால் டாஸ்பாக்ஸ். ஃபிளாஷ் என்றால் ரஃபிள். ஓடியதும் தொடக்கம் முதல் முடிவு வரை விளையாடி வீடியோ பதிவு செய்யுங்கள். முடிந்தால் எந்த ஃபிரேமில் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதையும் ஒரு கோப்பில் எழுதவையுங்கள். இந்த இரண்டும்தான் உங்கள் அளவுகோல். புது வடிவம் சரியா தவறா என்ற கேள்வி வரும்போதெல்லாம் நினைவை நம்பாமல் இதோடு ஒப்பிடலாம். இந்தப் படியைச் செய்யாதவர்கள் பிறகு 'அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சா?' என்று மாதக்கணக்கில் தடுமாறுவார்கள்.

படி 9: புது எஞ்சினுக்கு, புது கணினிக்குக் கொண்டுவருதல்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான். இதில் என்னை மிகவும் ஈர்ப்பது நேரக் கணக்கு. கேமின் உயிர் அதில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பழைய கேம்களில் பெரும்பாலும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நாயகன் இத்தனை பிக்சல் நகர்வான் என்று எழுதியிருப்போம். ஃபிரேமுக்கு 3 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 60 முறை படம் மாறும் 60 ஹெர்ட்ஸ் திரையில் நொடிக்கு 180 பிக்சல். அதே நிரலை 144 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினால் 432. கேம் வேகமாக ஓடுகிறது என்று உடனே தெரியும். சரி, எல்லாவற்றையும் நொடிக் கணக்குக்கு மாற்றிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

தாவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தாவும் வேகம் ஃபிரேமுக்கு 12 பிக்சல், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஈர்ப்பு அதில் 0.6 குறைக்கிறது என்போம். வேகத்தை நொடிக்கு மாற்ற 60ஆல் பெருக்க வேண்டும்: 720. ஈர்ப்பு என்பது வேகம் மாறும் வேகம். அதை 60ஆல் இரண்டு முறை பெருக்க வேண்டும்: 0.6 பெருக்கல் 3600, அதாவது 2160. ஒருமுறை மட்டும் பெருக்கினால் 36 வரும். அப்போது நாயகன் 120 பிக்சலுக்குப் பதில் 7200 பிக்சல் உயரம் போவான்.

இதைச் சரியாகச் செய்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. பழைய நிரல் முதலில் வேகத்தைக் குறைத்துவிட்டு இடத்தை மாற்றியதா, இடத்தை மாற்றிவிட்டு வேகத்தைக் குறைத்ததா? முதல் வரிசையில் உச்ச உயரம் 114 பிக்சல். இரண்டாவதில் 126. இரண்டு வரி இடம் மாறியதில் 12 பிக்சல் வித்தியாசம். எட்டாவது லெவலில் 120 பிக்சல் உயரத்தில் ஒரு மேடை இருந்தால், ஒன்றில் ஏற முடியும், மற்றதில் கேமே முடியாது. புது எஞ்சினின் இயற்பியல் பகுதி எந்த வரிசையைப் பின்பற்றுகிறது என்று பார்க்காமல் அதற்கு மாறுவது இதனால்தான் ஆபத்து.

என் பரிந்துரை: பழைய விதிகளை நொடிக் கணக்குக்கு மாற்றவே வேண்டாம். கேமின் விதிகள் நொடிக்கு 60 முறை மட்டும், பழைய எண்களோடு, பழைய வரிசையில் ஓடட்டும். திரை எவ்வளவு வேகமாக இருந்தாலும், கடந்த நேரத்தைச் சேர்த்துவைத்து, அறுபதில் ஒரு நொடி நிறையும்போதெல்லாம் விதிகளை ஒருமுறை ஓட்டுங்கள். வரையும்போது மட்டும் முந்தைய இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் நடுவில் கணக்கிட்டு வரைந்தால் 144 ஹெர்ட்ஸிலும் வழுவழுப்பாக இருக்கும். கணினி திணறும்போது சேர்ந்துபோன நேரம் மலைபோல் குவியாமல் இருக்க, ஒரே ஃபிரேமில் இத்தனை முறைக்கு மேல் விதிகள் ஓடக்கூடாது என்று வரம்பு வையுங்கள்.

அடுத்து சமவாய்ப்பு எண்கள். பழைய எஞ்சினின் ரேண்டம் எண் தரும் முறையும் புதியதும் ஒன்றல்ல. ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணிலிருந்து லெவலை உருவாக்கும் கேம் என்றால், அதே விதைக்கு வேறு லெவல் வரும். பழைய சேவ் கோப்பு பொருளிழந்துபோகும். பழைய முறையை நீங்களே சில வரிகளில் எழுதிச் சேர்ப்பது நல்லது. தசம எண்களிலும் இதே கதை: பழைய 32 பிட் பில்டுகள் கணக்கிட்ட முறைக்கும் இன்றைய 64 பிட் பில்டுகளுக்கும் கடைசி இலக்கங்களில் வித்தியாசம் வரலாம். சாதாரண விளையாட்டில் தெரியாது. பதிவுசெய்த பொத்தான் கோப்பை ஓட்டும்போது தெரியும்.

64 பிட் மாற்றமே சில இடங்களில் கட்டாயம். ஐஓஎஸ் 11 வந்த 2017இல் 32 பிட் ஆப்கள் ஐபோனில் ஓடுவது நின்றது. 2019இல் மேக் கணினிகளிலும் நின்றது. கூகுள் பிளேயும் 2019 ஆகஸ்ட் முதல் 64 பிட் பதிப்பைக் கேட்கிறது.

திரை அளவில் ஒரு எளிய கணக்கு. 320க்கு 180 என்று வரைந்த பிக்சல் கேம் 1080 வரித் திரையில் சரியாக 6 மடங்கு, 2160இல் 12 மடங்கு. 320க்கு 240 என்றால் 1080இல் நாலரை மடங்கு. சில பிக்சல் தடிக்கும், சில மெலியும். அங்கே 4 மடங்கோடு நிறுத்திச் சுற்றிலும் கறுப்பு விட்டுவிடுங்கள். அகலத் திரைக்காகப் பார்வையை விரித்தால், திரைக்கு வெளியே ஒளிந்திருந்த எதிரி திடீரென்று தோன்றுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு லெவலையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

சேவ் கோப்புக்குத் தலையிலேயே ஒரு பதிப்பு எண் இருக்கட்டும். பழையதைப் படித்துப் புதியதாக மாற்றும் நிரலை எழுதுங்கள், ஆனால் பழைய கோப்பை அழிக்காமல் வேறு பெயரில் விட்டுவையுங்கள்.

தமிழில் எழுத்துகள் காட்ட வேண்டும் என்றால் இன்னொரு விஷயம். பழைய கேம்களில் ஒரு குறியீட்டு எண்ணுக்கு ஒரு படம் என்றே எழுத்துரு இருக்கும். 'கொ' என்று எழுத, 'க'வுக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் வர வேண்டும். பழைய முறையில் அது சிதறிவிடும். ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு லைப்ரரி உள்ள எஞ்சினில் இது தானாகவே சரியாகும். கோடோ 4 அதைப் பயன்படுத்துகிறது.

படி 10: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

கேமின் விதிகளில் கை வைக்காமல் வசதிகளைச் சேருங்கள். பொத்தான்களை மாற்றியமைக்கும் வசதி, கன்ட்ரோலர் ஆதரவு, எழுத்தின் அளவு, திரை அதிர்வை நிறுத்தும் வாய்ப்பு, நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு வடிவத்தாலும் வித்தியாசம். இவை யாருடைய நினைவையும் கெடுக்காது.

கடினம் வேறு விஷயம். பழைய கேம் அநியாயமாகக் கடினம் என்று இன்று தோன்றினால், எளிதாக ஒரு முறையைத் தனியாகச் சேருங்கள். அசல் முறை அசைக்கப்படாமல் இருக்கட்டும். படங்களைத் திரும்ப வரைந்தாலும் பழைய படங்களுக்கு ஒரு பொத்தானில் மாறும் வசதி வையுங்கள். பக்குகளில்கூட எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டாம் என்பேன். சேவ் கோப்பைக் கெடுப்பது, கேமை முடக்குவது போன்றவை கட்டாயம் போக வேண்டும். ஆனால் ஒரு சுவரின் மூலையில் கூடுதலாகத் தாவ முடிகிறது, அதை வைத்தே வேகமாக முடிக்க ஆட்கள் போட்டி போடுகிறார்கள் என்றால், அது இப்போது கேமின் பகுதி.

படி 11: பிறர் விளையாடுவதைப் பாருங்கள்

அன்று விளையாடியவர்கள் சிலர், பெயரே கேள்விப்படாதவர்கள் சிலர் என்று இரு தரப்பும் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். எங்கே நிற்கிறார்கள், எந்தப் பொத்தானை முதலில் அழுத்துகிறார்கள் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். 'எப்படி இருந்தது?' என்ற கேள்விக்கு மரியாதையான பதில்தான் வரும். 'கடைசியாக எதற்கு நிறுத்தினீர்கள்?' என்று கேட்டால் உபயோகமான பதில் வரும்.

படி 12: மறுவெளியீடு

ஸ்டீமில் வெளியிட ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம். கேம் 1000 டாலர் வருமானம் ஈட்டிய பிறகு அது திரும்பக் கிடைக்கும். முதன்முதலாக வருபவருக்குக் கட்டணம் கட்டியதிலிருந்து 30 நாள் காத்திருப்பு உண்டு. 'விரைவில்' பக்கம் குறைந்தது இரண்டு வாரம் வெளியில் இருக்க வேண்டும். இது குறைந்தபட்சம்தான், பல மாதம் முன்பே போடுவது நல்லது. நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ விழாவில் ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் பங்கேற்க முடியும், அதனால் டெமோ முழுசாகத் தயாராகாமல் அந்த வாய்ப்பைச் செலவழிக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடி, 14 நாளுக்குள் கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதால், முதல் இரண்டு மணி நேரம் எப்படி இருக்கிறது என்பது உங்கள் கணக்குப் புத்தகத்திலும் தெரியும்.

ஏற்கெனவே விற்ற கேம் என்றால், அதே பக்கத்தில் அப்டேட்டாகக் கொடுப்பதா, புது கேமாக விற்பதா? பழையதை ஓடவைத்து மெருகேற்றியது மட்டும்தான் என்றால் அப்டேட்டாகக் கொடுங்கள். அன்று காசு கொடுத்து வாங்கியவர்கள் அதற்கு உரிமையுள்ளவர்கள். புது லெவல், புது இசை, முழுக்க வரைந்த புதுப் படங்கள் என்று பெரிய வேலை நடந்திருந்தால் தனியாக விற்பது நியாயம்தான், ஆனால் பழைய வாங்கியவர்களுக்கு விலையைக் குறையுங்கள். அப்டேட்டாகக் கொடுத்தால், பழைய பில்டைத் தனிக் கிளையாக ஸ்டீமிலேயே விட்டுவையுங்கள். யாருக்காவது அந்த அன்றைய வடிவம் தேவைப்படும்.

இட்ச் என்ற கேம் வெளியீட்டுத் தளத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. சின்ன கேமுக்கும், சோதனைப் பதிப்புக்கும் அதுவே போதும்.

படி 13: வெளியான பிறகு

முதல் சில நாள் பக் திருத்தம் மட்டும். புது அம்சம் எதையும் அந்த வாரத்தில் சேர்க்க வேண்டாம். பிறகு கிட்டில் அந்தப் பதிப்புக்கு ஒரு டேக் (அடையாளப் பெயர்) போட்டு, அதை பில்டு செய்த மெய்நிகர் கணினியையே ஒரு இமேஜாக எடுத்து, மூன்றாம் படியில் சொன்ன மூன்று இடங்களிலும் வையுங்கள். பில்டு குறிப்பையும் புதுப்பியுங்கள். புது எஞ்சினுக்கு மாற்றியபோது பாதி மாறியிருக்கும்.

இந்த கேமில் இனி வேலை செய்யப்போவதில்லை என்று முடிவானால், மூலநிரலை வெளியிடுவதைப் பற்றி யோசியுங்கள். டெரி கேவனா 2010இல் ஃபிளாஷில் வெளியிட்ட 'விவிவிவிவிவி'யை அடுத்த வருடம் சைமன் ராத் சி++க்கு மாற்றி எழுதினார்; பத்தாம் ஆண்டில், 2020 ஜனவரியில், அதன் நிரல் வெளியானது. அப்படி வெளியிடும்போது நிரலுக்கு ஒரு உரிமம், படத்துக்கும் இசைக்கும் இன்னொரு உரிமம் என்று பிரித்து எழுதுங்கள். பிறருக்கு உரிமையான லைப்ரரிகளை எடுத்துவிட்டு, அது இல்லாமலும் நிரல் கம்பைல் ஆகிறதா என்று ஒரு புதிய கணினியில் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.